வில்லன் கட்சிக் கொடிக்கு என்ன நிறம்?

நான் கட்சி ஆரம்பித்துக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். கொடி, கரை வேட்டி, தோரணம், தலைவர் கும்பிடுகிற பேனர், மாவட்டச் செயலாளர் மேஜையில் வைக்கிற பித்தளைப் பேனா ஸ்டாண்ட் என்று சகலமும் என்னிடம் கிடைக்கும். படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைத்த அன்றே கட்சியும் கலைந்துவிடும். கொடிகள் மூட்டையாகக் கட்டப்பட்டு சாலிகிராமத்தில் என் குடோன் பரணுக்குப் போய்விடும். பல வருடம் ஆர்ட் அசிஸ்டென்டாக ஓடிவிட்டு, முதுகு ஒத்துழைக்காததால் செட் சாமான் வாடகைக்கு விடுகிற வேலைக்கு மாறியவன் நான்.

தமிழ்நாட்டில் புதிதாக ஒரு கட்சிக்குக் கொடி போடுகிற கஷ்டம் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கறுப்பு மேலே சிவப்பு கீழே என்றால் தி.மு.க. அதன் நடுவில் அண்ணா நின்றால் அ.தி.மு.க. சிவப்பு, கறுப்பு, மறுபடி சிவப்பு என்றால் ம.தி.மு.க. முழுச் சிவப்பைத் தொட முடியாது, தோழர்கள் இருக்கிறார்கள். மூவர்ணம் காங்கிரஸ். காவியும் பச்சையும் பா.ஜ.க. நீலத்துக்குப் பக்கத்தில் சிவப்பு வைத்து நட்சத்திரம் போட்டால் விடுதலைச் சிறுத்தைகள். நீலம், மஞ்சள், சிவப்பு மூன்றும் சேர்ந்தால் பா.ம.க. முழுப் பச்சை முஸ்லிம் லீக். 2024 ஆகஸ்டில் விஜய் தன் கட்சிக் கொடியை ஏற்றினார், சிவப்பு-மஞ்சள்-சிவப்பும் போயிற்று. யானையும் போயிற்று. மிச்சம் இருப்பது ஊதா, பழுப்பு, ரோஸ். ரோஸ் கரை வேட்டி கட்டிக்கொண்டு ஒரு வில்லன் அருவாளைத் தூக்கினால் தியேட்டரில் சிரிப்பார்கள்.

ஆனால் ஆர்ட் டைரக்டரிடமிருந்து வரும் உத்தரவு எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். "யாரையும் ஞாபகப்படுத்தக் கூடாது. ஆனா பார்த்தவுடனே ஆளுங்கட்சின்னு தெரியணும்." இந்த இரண்டுக்கும் நடுவில் ஊதா நிறத் துணியை வைத்துக்கொண்டு நான் நின்ற நாட்கள் உண்டு.

"இது அந்தக் கட்சிக்குச் சாதகமான படம்", "இந்தச் சாதியைக் கேவலப்படுத்துற படம்", "மதத்தைக் குறி வைக்கிற படம்" என்று சண்டை கிளம்பும்போதெல்லாம் நான் ஒன்றைக் கவனிக்கிறேன். சண்டை அநேகமாகச் சாமான் மேலேதான் நடக்கும். ஒரு காலண்டர், ஒரு மிக்சி, டைட்டில் கார்டில் ஒரு வருடம், பாட்டில் ஒரு வார்த்தை. கதை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று யாரும் மல்லுக்கு நிற்பதில்லை, சுவரில் என்ன தொங்குகிறது என்றுதான் கேட்கிறார்கள். தொங்குவதைக் கழற்றிவிட்டால் போராட்டம் வாபஸ். கதை நின்ற இடத்திலேயே நிற்கும்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1966-ல் வந்த 'அன்பே வா' படத்தில் எம்.ஜி.ஆர். சிம்லாவில் ஓடிக்கொண்டே பாடுகிற பாட்டு எல்லோருக்கும் தெரியும். வாலி அதில் உதயசூரியன் என்று எழுதியிருந்தார். உதயசூரியன் தி.மு.க.வின் தேர்தல் சின்னம். சென்சார் விடவில்லை. 'உதய' போய் 'புதிய' வந்தது. பாட்டு முழுக்கப் புதிய வானம், புதிய பூமி என்று ஆட்சி மாற்றத்தை அறிவித்துக்கொண்டிருக்க, அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிவிட்டுத் தணிக்கையாளர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த வருடமே தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. அதே 1967-ல் வெளியான 'பட்டணத்தில் பூதம்' படத்தில் கண்ணதாசன் சிவகாமி மகனுக்குச் சேதி அனுப்பினார். காமராஜரின் அம்மா பெயர் சிவகாமி. தலைவருக்குக் கவிஞர் விட்ட தூது என்று அந்தப் பாட்டை இன்றும் சொல்வார்கள். காதலி முருகனை நினைத்துப் பாடுகிற பாட்டாகத் தணிக்கையைத் தாண்டிப் போய்விட்டது. சூரியன் மாட்டிக்கொண்டது, சிவகாமி மகன் தப்பித்தார். சின்னம் கண்ணுக்குத் தெரிகிற பொருள், அதுதான் காரணம்.

அந்தக் காலத்துப் படங்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அண்ணா எழுதிய 'வேலைக்காரி' 1949, கலைஞர் எழுதிய 'பராசக்தி' 1952. எழுதியவர் யார், அவர் எந்த மேடையில் பேசுகிறவர் என்று டிக்கெட் கவுண்டரில் நின்றவருக்குத் தெரியும். 1958-ல் 'நாடோடி மன்னன்' எடுத்தபோது எம்.ஜி.ஆர். தன் கம்பெனி முத்திரையிலேயே ஓர் ஆணையும் பெண்ணையும் கட்சிக் கொடியைப் பிடிக்க வைத்துவிட்டார். படம் தொடங்குவதற்கு முன்பே விஷயம் முடிந்தது. பிடிக்காதவர்கள் சிவாஜி படம் ஓடுகிற தியேட்டருக்குப் போனார்கள். 'பராசக்தி'யைத் தடை செய்யக் கோரிக்கை எழாமல் இல்லை. ஆனால் அந்தக் கோபம் படம் என்ன சொல்கிறதோ அதன் மேலேயே இருந்தது. எனக்கு இந்த வகைச் சாய்வு மேல் பெரிய வருத்தம் இல்லை. என் அப்பா காங்கிரஸ்காரர், எம்.ஜி.ஆர். படத்துக்கும் போவார், திரும்பி வரும்போது திட்டிக்கொண்டே வருவார். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கியவர்.

இப்போது நிஜக் கொடியைக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2021 ஜூலையில் வந்த 'சார்பட்டா பரம்பரை' நல்ல உதாரணம். கதை நடப்பது எமர்ஜென்சி காலத்து வட சென்னையில். கறுப்பு-சிவப்புக் கொடி அசலாகவே வருகிறது. 1976 ஜனவரி 31-ல் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டதும், மிசாவில் ஆட்களை அள்ளிப்போனதும் கதைக்குள்ளேயே இருக்கின்றன. ரங்கன் வாத்தியார் தி.மு.க.காரர். உடனே அ.தி.மு.க. தரப்பிலிருந்து முன்னாள் அமைச்சர் ஜெயக்குமார் இது தி.மு.க. பிரச்சாரப் படம், எம்.ஜி.ஆரை மோசமாகக் காட்டிவிட்டார்கள் என்றார். ஒரு விதத்தில் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எம்.ஜி.ஆர். மேல் உயிரையே வைத்திருந்த வட சென்னை அந்தப் படத்தில் கொஞ்சம் ஓரமாகத்தான் நிற்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பா.இரஞ்சித் அசல் கொடி வைத்ததால்தான் இந்த வாதமே சாத்தியமாயிற்று. ஊதாக் கொடி வைத்திருந்தால் எதை வைத்து வாதாடுவது? தயாரிப்பாளர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. "அண்ணே, ஊதாவே போதும்."

அதே வருடம் ஏப்ரலில் 'கர்ணன்'. கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து அடித்து நொறுக்கியது 1995 ஆகஸ்ட் 31-ல், ஜெயலலிதா ஆட்சியில். படத்தில் ஊர் பெயர் பொடியன்குளம். ஓர் எழுத்தை மாற்றினால் போதும், கற்பனை என்று சட்டப்படி சொல்லிக்கொள்ளலாம். ஆனால் முதலில் வந்த பிரதியில் 1997 என்று வருடம் போட்டார்கள். 1997-ல் ஆட்சியில் இருந்தது தி.மு.க. உதயநிதி ஸ்டாலின் சுட்டிக்காட்ட, தயாரிப்புத் தரப்பு 90-களின் பிற்பகுதி என்று மாற்றியது. அதுவும் பொருந்தவில்லை என்று மறுபடி பேச்சு வந்தது. சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு ஏப்ரல் 6, படம் ஏப்ரல் 9. அந்த நேரத்தில் நான்கு எண்ணுக்கு அவ்வளவு கனம்.

எனக்கு அதில் பட்டது இதுதான். ஒரு கிராமத்துக்கு பஸ் நிற்காததும், பிறகு அந்த ஊரையே போலீஸ் சூறையாடியதும் எந்தக் கட்சிக் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதுதான் விவாதமாக இருந்தது. வருடம் பிழை என்றால் திருத்தத்தான் வேண்டும், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் எந்த ஆட்சி வந்தாலும் அந்த ஊருக்கு பஸ் நிற்காது என்று படம் சொன்னதைப் பற்றி இரண்டு கட்சியும் வாயைத் திறக்கவில்லை.

காலண்டருக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

1995-ல் நடக்கிற காட்சி என்றால் 1995 காலண்டர் வேண்டும். அசல் பழைய காலண்டர் எங்கே கிடைக்கும்? நாங்களே அச்சடிப்போம். தேதியைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள், கிழமை தப்பாகிவிடக் கூடாது என்று. மேலே என்ன படம் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அசிஸ்டென்ட் பையன் கேட்பான், "மேல என்ன வைக்கட்டும்ணே?" பதில், "எதையாவது வைடா, ஃபோகஸ்லயே இருக்காது." அவன் கையில் எது கிடைக்கிறதோ, அந்த வீட்டுக்கு எது ஒத்துவரும் என்று அவனுக்குத் தோன்றுகிறதோ அது ஏறும். தியேட்டர் காலத்தில் இது போதுமாக இருந்தது. ஒரு விநாடி வந்து போய்விடும். இப்போது படம் போனில் வருகிறது. நிறுத்தி, பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு வாட்ஸப்பில் அனுப்பிவிடுகிறார்கள். என் தொழிலில் கடந்த பத்து வருடத்தில் வந்த மிகப்பெரிய மாற்றம் கேமராவோ லைட்டோ இல்லை, பார்ப்பவர் கையில் இருக்கும் அந்த நிறுத்துகிற பொத்தான்தான்.

2021 நவம்பரில் 'ஜெய் பீம்' வந்தபோது நடந்தது அதுதான். சித்திரவதை செய்கிற சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுச் சுவரில், வன்னியர் சங்கத்தின் சின்னமான அக்னி கலசம் போட்ட காலண்டர். எனக்குத் திண்டிவனம் பக்கம். அக்னி கலசம் வரைந்த சுவர்களைத் தாண்டித்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் ஊர்க்காரனுக்கு அதைக் கண்டுபிடிக்க அரை விநாடி அதிகம். வன்னியர் சங்கம் ஐந்து கோடி கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அன்புமணி சூர்யாவுக்குக் கேள்விகள் எழுதினார். காலண்டர் மாற்றப்பட்டு அந்த இடத்தில் லட்சுமி வந்தாள். 1995-ஐக் காட்டுவதற்காகத்தான் அந்தக் காலண்டர், எந்தச் சமூகத்தையும் குறிக்க அல்ல என்று இயக்குநர் ஞானவேல் வருத்தம் தெரிவித்தார்.

அவர் சொன்னதை நம்புவதில் எனக்குச் சிரமம் இல்லை, காலண்டர் சுவருக்கு வருகிற வழி எனக்குத் தெரியும். கோபப்பட்டவர்களையும் நான் கிறுக்கர்கள் என்று சொல்ல மாட்டேன். நிஜ வழக்கில் அந்த சப்-இன்ஸ்பெக்டரின் பெயர் அந்தோணிசாமி. படத்தில் குருமூர்த்தி. வன்னியர் சங்கத் தலைவராக இருந்த காடுவெட்டி குருவை ஞாபகப்படுத்துகிற பெயர் என்றார்கள். போலீஸ் காவலில் செத்துப்போன ராஜாக்கண்ணு ராஜாக்கண்ணுவாகவே இருக்கிறார், வழக்கு நடத்திய வக்கீல் சந்துரு சந்துருவாகவே இருக்கிறார், இவர் பெயர் இப்படி மாறி, கூடவே சுவரில் கலசமும் இருந்தால் பார்ப்பவர் முடிச்சுப் போடத்தான் செய்வார். 'எதையாவது வைடா' என்பதிலும் ஒரு சாய்வு உண்டு. கை தன்னிச்சையாக எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் அது.

ஆனால் இந்தக் கலாட்டாவில் இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று யார் கண்ணிலும் அதிகம் படாமல் போயிற்று. 1993-ல் விருத்தாசலம் பக்கம் முதனையில் போலீஸ் பிடித்துக்கொண்டுபோன ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படத்தில் அவர் இருளர். பாதிக்கப்பட்டவரின் சமூகமே மாறிவிட்டது! சினிமாவுக்காகச் செய்தது என்று சொல்லலாம், இருளர்கள் படுகிற பாடும் உண்மைதானே என்று சொல்லலாம். எனக்கு அதில் உறுதியான கருத்து இருக்கிறது: உண்மைக் கதை என்று சொல்லிவிட்டு அதை மாற்றியிருக்கக் கூடாது. இதற்கு நோட்டீஸ் அனுப்ப ஐந்து கோடி கேட்கிற சங்கம் குறவர்களிடம் இல்லை. ஒரு சிலர் எழுதினார்கள், சிலர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். காலண்டர் கழற்றப்பட்டது. சமூகம் அப்படியே இருக்கிறது.

'மெர்சல்' கதையும் கிட்டத்தட்ட இதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 தீபாவளி. சிங்கப்பூரில் ஏழு சதவீத ஜி.எஸ்.டி. வாங்கிக்கொண்டு இலவச மருத்துவம் தருகிறார்கள், இங்கே இருபத்தெட்டு என்கிற மாதிரி ஒரு வசனம். பா.ஜ.க. அதை நீக்கச் சொன்னது. சிங்கப்பூரில் மருத்துவம் இலவசம் இல்லை. வசனத்தை அங்கேயே மடக்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டு எச்.ராஜா நடிகரின் முழுப் பெயர் ஜோசப் விஜய் என்று சொல்லப் போனார். வரிக் கணக்கிலிருந்து ஞானஸ்நானக் கணக்குக்குப் போய்விட்டது விவாதம். தடை கேட்ட மனுவை உயர் நீதிமன்றம் தள்ளியது. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

எனக்கு ஆறாத படம் 2018 தீபாவளிக்கு வந்த 'சர்கார்'. அதில் ஒரு பாட்டில் மக்கள் அரசு கொடுத்த இலவசச் சாமான்களைக் கொண்டுவந்து தீயில் எறிகிறார்கள். இயக்குநர் முருகதாஸே வந்து எறிகிறார். 2011-ல் ஜெயலலிதா கொண்டுவந்த திட்டத்தில் கொடுத்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று பார்த்ததுமே புரியும். அ.தி.மு.க.வினர் தியேட்டர் வாசலில் பேனர் கிழித்தார்கள், அமைச்சர்கள் அறிக்கை விட்டார்கள். வில்லி பெயர் கோமளவல்லி என்று இருந்ததும் ஜெயலலிதாவைச் சொல்கிறது என்றார்கள். பெயரில் பாதியை மியூட் செய்தார்கள். எரிக்கிற காட்சியை வெட்டினார்கள். அம்மாவுக்கு நேர்ந்த அவமதிப்பு சரிசெய்யப்பட்டது.

எந்த அம்மாவுக்கு? எங்கள் வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார். ஊரில் ரேஷன் கடைக்குப் பக்கத்தில் வரிசையில் நின்று வாங்கிய கிரைண்டரில் இன்றைக்கும் இட்லிக்கு அரைக்கிறார். முதல்வர் படம் ஒட்டிய ஸ்டிக்கர் எப்போதோ உரிந்துவிட்டது, மோட்டார் ஓடுகிறது. படத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்டது: "எரிக்கிறவன் வீட்டுல ஆட்டுக்கல்லு யாருடா ஆட்டுறா?" ஆளுங்கட்சிக்காரர் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவர்களுக்கு அது தலைவியின் திட்டம். எரிக்கிறவருக்கு அது லஞ்சம். அரைக்கிற கைக்கு அது என்னவென்று இரண்டு தரப்பும் பார்க்கவில்லை. ரசிகர்கள் சிலர் வீட்டில் இருந்த சாமானை உடைத்து வீடியோ வேறு போட்டார்கள். அந்த வீட்டுப் பெண்களிடம் யாராவது மைக்கை நீட்டியிருக்கலாம்.

தொழில் ரகசியம் ஒன்று. இப்படி எரிக்கிற, உடைக்கிற காட்சிகளுக்கு ஒரு சாமானை வைத்து ஒப்பேற்ற முடியாது, ரீடேக் வரும். எங்களைப் போன்றவர்கள் ஓடாத மிக்சியாகத் தேடிப்பிடித்துக் கொடுப்போம். ஓடுகிற மிக்சியைத் தீயில் போட யூனிட் ஆட்களே விடமாட்டார்கள். "எனக்குக் குடுண்ணே, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று லைட்மேன் கேட்பார். கேமராவுக்கு முன்னால் நடக்கிற புரட்சிக்கும் பின்னால் நிற்கிற ஆளுக்கும் நடுவே இருக்கிற தூரம் அவ்வளவு.

'எல்லாக் கட்சியும் திருட்டுக் கட்சி' என்று சொல்கிற படங்களைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுகிறேன். அவற்றில் எனக்கு வேலை அதிகம், ஆகவே இதைச் சொல்லக் கூடாதுதான். வெள்ளை வேட்டி, ஊதாக் கரை, பெரிய மீசை, சுற்றி அடியாட்கள். எதிரில் ஒரு நல்லவன். வெளிநாட்டிலிருந்து வருவான், அல்லது ஒரே நாள் முதல்வராக உட்கார்ந்து நாட்டைச் சரிசெய்துவிடுவான். இந்தப் படங்களை நடுநிலை என்கிறார்கள். எந்தக் கொடியும் இல்லை, அதனால் யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. ஆனால் கட்சி, சங்கம், தேர்தல், மனு, மாநாடு எதுவும் உதவாது, ஒரு தனி ஆள் வந்தால் போதும் என்பதைவிடப் பெரிய அரசியல் பிரச்சாரம் எது? 2024 பிப்ரவரியில் விஜய் கட்சி அறிவித்தபோது பலர் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை. படங்களில் கொடி இல்லாமல் இருந்தது, கொடி பிறகு வந்தது. முத்திரையிலேயே கொடியைக் காட்டிய எம்.ஜி.ஆர். வழி எனக்கு இதைவிட நேர்மையாகத் தெரிகிறது.

பழைய கிராமத்துப் படங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 90-களின் தொடக்கத்தில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெரிய வீட்டை எடுத்து, நடுக்கூடத்தில் ஊஞ்சல், சுவரில் மான் கொம்பு, வாள், பெரியவர் உட்கார ஒரு சாய்வு நாற்காலி என்று போட்டால் ஊர்த் தலைவர் வீடு தயார். 'சின்னக் கவுண்டர்', 'தேவர் மகன்' இரண்டும் 1992, 'நாட்டாமை' 1994. முதல் இரண்டில் சாதி பெயர் தலைப்பிலேயே இருந்தது. தீர்ப்புச் சொல்கிறவர் அந்த நாற்காலியில் இருந்தார், கை கட்டி நின்றவர்கள் திண்ணைக்குக் கீழே நின்றார்கள். அன்றைக்கு அந்தச் சுவரை யாரும் நிறுத்திப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. 2023-ல் 'மாமன்னன்' பாடல் வெளியீட்டில் கமல்ஹாசன் முன்னாலேயே மாரி செல்வராஜ் 'தேவர் மகன்' தன்னை எப்படிப் பாதித்தது என்று பேசினார். அப்போதுதான் பலருக்கு அந்தப் படத்துக்கு ஒரு பக்கம் இருந்ததே உறைத்தது. திண்ணைக்குக் கீழே நின்று படம் பார்த்தவர்களுக்கு 1992-லேயே தெரியும். நாற்காலியை நகர்த்தி வைத்தவர்கள் நாங்கள்; எங்களுக்கும் அப்போது உறைக்கவில்லை என்றுதான் என் சீனியர்கள் சொல்வார்கள்.

தடை செய்வது இதற்கு மருந்தா என்று கேட்டால், இல்லை. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்று ஒரு படம். சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசும். அந்தப் படத்தின் கருத்து எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச் 30-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. கலவரம் வரும் என்று பயம் காட்டி அரசு ஒரு படத்தை நிறுத்த முடியாது, கூட்டத்தை அடக்குவது அரசின் வேலை என்றது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு இருந்தும் 2013-ல் 'விஸ்வரூபம்' படத்துக்கு 31 மாவட்ட ஆட்சியர்கள் 144 போட்டார்கள். முஸ்லிம் அமைப்புகளோடு பேச்சு நடந்து, ஏழு இடங்களில் கை வைத்த பிறகு பிப்ரவரி 7-ல்தான் இங்கே வெளியானது. கோபப்பட்டவர்களின் குறை படத்தின் கதையைப் பற்றியது. கிடைத்த தீர்வு ஏழு மியூட்டும் வெட்டும்.

இப்போது நிலைமை இன்னும் மோசம். சென்சாரோடு தகராறு என்றால் முன்பெல்லாம் போக ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் மத்திய அரசு அதைக் கலைத்துவிட்டது. இனி உயர் நீதிமன்றம்தான். வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்து, வெள்ளிக்கிழமைக்குத் தியேட்டர் பிடித்து வைத்திருக்கும் தயாரிப்பாளர் கோர்ட்டுக்குப் போய் நிற்பாரா? "எதை வெட்டணுமோ வெட்டுங்க சார்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். படத்தை வாங்குகிற டிவி சேனலுக்கும் ஒரு கட்சி நிறம் இருக்கிற ஊர் இது. ஸ்கிரிப்ட் எழுதும்போதே அது எழுதுகிறவர் மனதில் ஓடும். வெட்ட வேண்டியது சென்சாருக்கு வருவதற்கு முன்பே வெட்டுப்பட்டுவிடும். அதெல்லாம் எந்தச் செய்தியிலும் வராது.

சில வருடம் முன்பு சின்ன பட்ஜெட் படம் ஒன்றுக்குச் சாமான் கேட்டு ஒரு துணை இயக்குநர் வந்தாள். சின்னப் பெண். கதையில் ஒரு முஸ்லிம் குடும்பம். நான் வழக்கமான லிஸ்டை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் முஸ்லிம் வீடு என்றால் ஒரு செட் உண்டு: 786 போட்ட ஃப்ரேம், மெக்கா படம், பச்சை ஸ்கிரீன், ஜரிகை வைத்த திண்டு, அத்தர் பாட்டில், கொஞ்சம் புகை. நல்ல குடும்பம் என்றால் வெளிச்சமாக, தீவிரவாதி என்றால் அதே சாமான் இருட்டில்.

அவள் படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இப்படி ஒரு வீட்டை நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"படத்துல பார்த்திருக்கேன்மா" என்றேன்.

திருவல்லிக்கேணியில் தன் தோழி வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணின் அப்பா மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். கூடத்தில் தொழிற்சங்கக் காலண்டர். ஷோகேஸில் பையன் வாங்கிய கிரிக்கெட் கப்புகள், கீழ்த்தட்டில் நீட் கைடுகள். ஒரு தையல் மெஷின், அதன் மேல் இஸ்திரிக்குக் காத்திருக்கும் துணி. வாசல் நிலைக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் அரபு எழுத்து. ஸ்கிரீன் மெரூன். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா டீ கொடுத்துவிட்டு, "சினிமாவுலயா காட்டப்போறீங்க, பெருக்கக்கூட இல்லையே" என்று வெட்கப்பட்டார். போனில் படம் எடுத்துக்கொண்டு வந்து அப்படியே செட் போட்டுக் கொடுத்தேன். தையல் மெஷின்கூட அதே மாடல் தேடிப் பிடித்தேன்.

படம் வெளியாகி ஒரு வாரம் ஓடியது. என்னோடு பல படங்களில் வேலை பார்த்த ஆர்ட் டைரக்டர் ஒருவர் பார்த்துவிட்டு போன் செய்தார்.

"என்னப்பா, எல்லாம் நல்லா இருந்துது, அந்த முஸ்லிம் வீட்டை மட்டும் கோட்டை விட்டுட்டீங்களே. பார்த்தா நம்ம வீடு மாதிரியே இருக்கு."

அடுத்த வாரம் அவருடைய புதுப் படத்துக்குச் சாமான் லிஸ்ட் வந்தது. முதல் வரியில் பச்சை ஸ்கிரீன் துணி, அதற்குக் கீழே புகை மெஷின். அனுப்பி வைத்தேன், வாடகை இன்னும் வரவில்லை.